முழு லாரியும் உன் மாமனாரும்

ஏலே ராசா,

அம்மா எழுதுகிறேன். சுகம் விசாரிப்பதெல்லாம் நேற்று போனிலேயே முடிந்துவிட்டதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். "அடுத்த லோடை மாமா லாரியிலயே போட்டு விட்ருங்கம்மா, அவருகிட்ட நான் சொல்லிட்டேன்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் "சரிம்மா, வச்சிருதேன்" என்று வைத்தும்விட்டாய். ஆபீசில் பேக்கிங் பெண்கள் சுற்றி நின்றார்கள். அவர்கள் முன்னால் கல்யாண மாப்பிள்ளையை ஏசக் கூடாதே என்று நானும் போனை வைத்துவிட்டேன். போனில் நீ இப்படித்தான் நழுவுவாய், சின்ன வயதில் எண்ணெய் தேய்க்கும்போது நழுவிய பிள்ளைதானே. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் மூடி வைத்தாலும் அது மேசையில் கிடந்து உன்னை முறைத்துக்கொண்டே இருக்கும். இன்றைக்குக் கிளம்புகிற லாரியில் டிரைவர் மாடசாமியிடம் கொடுத்தனுப்புகிறேன். நம் பேண்டேஜ் துணியைத் தவிர என் லாரியில் நான் ஏற விடுகிற ஒரே வெளிச்சரக்கு இந்தக் கடிதம்தான். அதுவும் அவன் சட்டைப் பையில்தான் வருகிறது.

தையில் உனக்குக் கல்யாணம். இந்த நேரத்தில் குடும்பம் நடத்துவதைப் பற்றி எழுதாமல் லாரி பிடிப்பதைப் பற்றி எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். எனக்கு இரண்டையும் தனித்தனியாகச் சொல்லத் தெரியாது. கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்ததிலிருந்து எனக்கும் உங்கப்பாவுக்கும் வேலைப் பிரிவினை அப்படி. அவர் துணியை நெய்து, வெளுத்து, காயவைத்துக் கொடுப்பார். அதைச் சுருட்டி, பொதி பொதியாக இறுக்கிப் பேல் போட்டு, லாரியில் ஏற்றி, வெளியூர் அனுப்புவது என் பொறுப்பு. நீ படித்து முடித்தபின் மெட்ராஸில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் விற்கிறாய். கல்யாணத்துக்குப் பிறகு அனுப்புகிற வேலையையும் உன்னிடம் கொடுத்துவிட்டு நான் செத்த நேரம் காலை நீட்டி உட்காரலாம் என்றிருக்கிறேன். முழங்கால் முன்னே மாதிரி இல்லை, லாரியில் ஏறினால் இறங்க இரண்டு ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் கொடுப்பதற்கு முன்னால் இதை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

உன் மாமனாரை நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்சல் லாரி ஆபீஸ் வைத்து, நாணயமாகத் தொழில் பண்ணி, பெண்ணைப் படிக்க வைத்த மனிதர். நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பால்கோவா பெட்டியோடுதான் வருகிறார், உங்கப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று நான் எத்தனை சாடை காட்டினாலும் அவருக்கு உறைப்பதில்லை. அப்படி ஒரு வெள்ளந்தி. நிச்சயதார்த்தத்தன்று பாக்குவெற்றிலை மாற்றி முடித்த சந்தோஷத்தில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ளே, இனிமே உங்க பேல் அம்புட்டும் நம்ம லாரியிலதான் போகணும், வெளி ஆளுக்கு எதுக்கு வாடகை?" என்றார். நீ பல்லெல்லாம் தெரிய, "அதுக்கென்ன மாமா" என்றாய். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குரல், முகம், தலையை ஒரு பக்கம் சாய்ப்பது எல்லாம் அச்சு அசல் உங்கப்பா. 'அதுக்கென்ன' என்கிற அந்த ஒரு சொல்லோடுதான் நான் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நாம் ஏன் முழு லாரி பிடித்து அனுப்புகிறோம் என்று உனக்கு முழுசாகத் தெரியாது என்றே நினைக்கிறேன். வாடகை கூடுதல், லாரியில் இடம் மிச்சம், அம்மாவுக்குப் பிடிவாதம் என்பதுதான் உன் கணக்கு. நீ சின்னப் பையனாக, மூன்றாவதோ நாலாவதோ படித்த காலம் வரைக்கும் நம் துணியும் பார்சல் லாரியில்தான் போனது. பார்சல் என்றால் பலர் சரக்கு ஒரே வண்டியில். இங்கே ஏற்றுவார்கள், மதுரைக் கிட்டங்கியில் இறக்குவார்கள், வேறு லாரிக்கு மாற்றுவார்கள், வழியில் இன்னோர் ஊரில் இன்னொரு தடவை இறக்குவார்கள். ஒவ்வொரு தடவையும் கொக்கி போட்டு இழுப்பார்கள். பக்கத்தில் என்ன சரக்கு, மேலே என்ன மூட்டை என்று யாரும் பார்ப்பதில்லை. அது அவர்கள் தப்பும் இல்லை. பலர் சரக்கைச் சேர்த்து ஏற்றினால்தான் அவர்களுக்குக் கட்டுபடியாகும். நூல் பெட்டிக்கும் இரும்புச் சாமானுக்கும் அது போதும். நம் துணிக்கு அது ஆகாது.

நம் துணியின் குணம் உனக்குத் தெரியும்தானே. தண்ணீரில் போட்டால் ஒரு நொடி மிதக்கக் கூடாது, அப்படியே முழுக வேண்டும். முழுகாவிட்டால் உங்கப்பா அதை மறுபடி வெளுக்கப் போட்டுவிடுவார். ரத்தத்தையும் சீழையும் உறிஞ்ச வேண்டிய துணி. அப்படிப்பட்ட துணி பக்கத்தில் இருக்கிற நெடியை விட்டுவைக்குமா? ஒரு கோடையில் நம் பேல்களுக்கு மேலே யாருடைய மிளகாய் வத்தல் மூட்டைகளையோ ஏற்றி மெட்ராஸ் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். மூட்டையிலிருந்து தூள் இறங்கியிருக்கிறது. பேலில் கொக்கி கிழித்த ஓட்டை வேறு. ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த நர்ஸம்மாவுக்குத் தும்மல் நிற்கவில்லையாம், கை எரிகிறது என்றாளாம். நல்லவேளை, யாருக்கும் கட்டுவதற்கு முன்னால் கண்டுபிடித்தாள். அந்த ஆஸ்பத்திரிக்கு நம் துணியை விற்ற மெட்ராஸ் கடைக்காரர் நமக்குப் போன் போட்டு, "ஏம்மா, நீங்க காயத்துக்குத் துணி அனுப்புதீங்களா, கறிக்கு மசாலா அனுப்புதீங்களா?" என்று கேட்டார். அம்புட்டு லோடும் திரும்பி வந்தது.

வந்த துணியை முற்றத்தில் பிரித்துப் போட்டு உங்கப்பா மோந்து மோந்து பார்த்தார். அவருக்குத் தறியில் காலை இடித்துப் பெருவிரல் நகம் பெயர்ந்திருந்த சமயம். "ஒண்ணுமே தெரியலையேட்டி, வெயில்ல போட்டு நல்லா ஒதறினா போயிரும், வேற ஊருக்கு அனுப்பலாம்" என்றார். எனக்கு வந்ததே கோபம். "அப்படியாங்க, அப்ப மொதல்ல உங்க கால்ல கட்டிப் பாப்போம், வாங்க" என்று அவரை உட்காரவைத்து, பழைய கட்டைப் பிரித்து, அந்தத் துணியில் ஒரு முழம் கிழித்துச் சுற்றிவிட்டேன். கொஞ்ச நேரம் வீறாப்பாக உட்கார்ந்திருந்தார். பிறகு முகம் கோணியது. அப்புறம் ஒற்றைக் காலில் முற்றத்தைச் சுற்றி ஓடி, தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே காலை விட்டுவிட்டார். நீ கூட அப்பா பாண்டி விளையாடுகிறார் என்று கை தட்டினாய். சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தீப்பட்ட பிள்ளைக்கு இதைக் கட்டியிருந்தால்? பேறுகாலத்துப் பொம்பளைக்கு வைத்திருந்தால்? அன்றைக்கே இரண்டு பேரும் முடிவு பண்ணினோம். நம் துணி இனி தனி லாரியில்தான் போகும், நம் வாசலில் ஏறினால் வாங்குகிறவர் வாசலில்தான் இறங்கும், நடுவில் ஒரு கை படக் கூடாது.

முழு லாரி என்று சொன்னால் மட்டும் போதாது, அதையும் பார்த்துப் பிடிக்க வேண்டும். புரோக்கர் அனுப்புகிற வண்டி போன நடை என்ன ஏற்றியது என்று டிரைவரிடம் கேட்பேன். "அரிசிம்மா" என்பான். எல்லா லாரியும் போன நடை அரிசிதான் ஏற்றியிருக்கும், தமிழ்நாட்டில் வேறு சரக்கே கிடையாது. நான் நம்ப மாட்டேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே ஏறி, பலகை இடுக்கில் குனிந்து மோந்து பார்ப்பேன். உரம், கருவாடு, மண்ணெண்ணெய், சிமெண்ட், எல்லாம் பலகை சொல்லிவிடும். சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவேன். தார்ப்பாயை விரித்து வெயிலுக்கு எதிராகப் பிடித்து ஓட்டை பார்ப்பேன், ஐப்பசி கார்த்திகை மழையில் ஓர் ஓட்டை இருந்தாலும் ஒரு பேல் போச்சு. முதல் தடவை நான் லாரியில் ஏறியபோது தெருவே வந்து நின்று வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டு ராஜு வீட்டம்மா தெலுங்கும் தமிழுமாக, "ஏமம்மா, லாரியையும் மல்லித்தழை மாதிரி மோந்து பாத்துதான் எடுக்கணுமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். லாரி ஆபீசில் எனக்கு 'மோப்பக்காரியம்மா' என்று பேர். மாடசாமி ஒருத்தன்தான் என்னிடம் பொய் சொன்னதில்லை, "போன நடை பூச்சிமருந்தும்மா, நீங்க ஏறவே வேண்டாம்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டு வண்டியைத் திருப்புவான். அதனால்தான் அவன் இன்றைக்கும் நம்மோடு இருக்கிறான்.

இனிமேல்தான் வருகிறது கஷ்டம். பேண்டேஜ் துணி கனக்காது. லாரிக்குப் பாரமே இருக்காது. சில சமயம் ஆர்டர் அவசரம் என்றால் பேல் முக்கால் லாரிதான் வரும், பின்னால் ஒரு கட்டில் போடுகிற அளவு இடம் கிடக்கும். ஒரு லாரியில் இடம் சும்மா கிடந்தால் நம் ஊர் மனுஷர்களுக்குப் பொறுக்குமா? 'முழு வாடகை கொடுத்தாச்சு, எடம் வீணாத்தானே போகுது' என்று ஆரம்பிப்பார்கள். மெட்ராஸில் இருக்கிற மகளுக்கு அரிசி மூட்டை ஒருத்தருக்கு, பேரனுக்கு மரத்தொட்டில் ஒருத்தருக்கு, வீடு மாற்றுகிறவருக்குப் பீரோ, சேத்தூர்க்காரர் ஒருத்தர் தேங்காய் மூட்டையோடு வந்து நின்றார். எல்லோரும் நேராக உங்கப்பாவிடம்தான் போவார்கள், என்னிடம் வர மாட்டார்கள். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "அதுக்கென்ன, கொண்டாந்து போடுங்க" என்பார். லோடு ஏறுகிற நேரம் பார்த்து அவருக்கு வெளுப்புப் பட்டறையில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும். மூட்டையோடு வருகிறவர்களை லாரிக்குப் பக்கத்தில் மறித்து நிற்பவள் நான்தான். காலி இடத்துக்கும் சேர்த்துத்தானே வாடகை கொடுக்கிறோம், அந்தக் காலியும் என் சரக்குதான் என்று எம்புட்டோ சொல்லிப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் விளங்கினதில்லை. உங்கப்பாவுக்கு விளங்கும். வெளியே சொல்லத்தான் வாய் வராது.

உன் தேவதானத்து அத்தை என்னோடு ஏன் பேசுவதில்லை என்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய். பெரியவர்கள் விஷயம் என்று மழுப்பியிருக்கிறேன். நடந்தது இதுதான். நீ ஆறாவது சேர்ந்த வருஷம். அத்தைக்கு உங்கப்பா கூடப்பிறந்த தம்பி மட்டும் இல்லை, தூக்கி வளர்த்த பிள்ளை மாதிரி. அவர்கள் மகளை மெட்ராஸில் கட்டிக்கொடுத்த முதல் வருஷம். மசக்கையாக இருந்த மகள் நம் ஊர் மாம்பழம் கேட்டிருக்கிறாள். அத்தை தம்பியிடம் வந்து, "உன் லாரியில நாலு கூடை போட்டு விடுதியாய்யா?" என்று கேட்டிருக்கிறார்கள். இவர் "அதுக்கென்னக்கா" என்றிருக்கிறார். என்னிடம் மூச்சு விடவில்லை. லோடு ஏற்றி, தார்ப்பாய் இழுத்துக் கட்டப் போகிற நேரம் மதினி, அதுதான் உன் அத்தை, வந்து நிற்கிறார்கள். தோப்புக்குப் போய் நின்று பறிக்க வைத்து, வைக்கோல் பரப்பி, மேலே வேட்டித் துணி கட்டி, பஸ் மேலே ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். வியர்த்துக் கொட்டுகிறது, முகமெல்லாம் சந்தோஷம். "ஏத்தச் சொல்லுட்டி, பாத்து மெதுவா வைக்கச் சொல்லு" என்கிறார்கள்.

மாம்பழம் வழியில் பழுக்கும், நசுங்கும், சாறு வழியும், எறும்பு வரும். வெள்ளைத் துணியில் விழுந்த மாஞ்சாறு எந்த வெளுப்புக் காரத்திலும் போகாது. நான் உங்கப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கு அவருக்குத் தப்பிக்க வழியில்லை, அங்கேயே நின்றார். 'அக்கா, நான் யோசிக்காம சொல்லிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் குனிந்து செருப்பு வாரைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார். பிறகு நான்தான் சொன்னேன். "மதினி, கோவிச்சுக்கிடாதீக. இது காயத்துக்குக் கட்டுற துணி. பழம் ஏத்த முடியாது. நான் நாளைக்கே ரயில்ல ஆள் வச்சு அனுப்புதேன்." மதினி என்னைப் பார்க்கவே இல்லை. தம்பியைப் பார்த்து, "அப்ப உன் வீட்ல உன் வாக்குக்கு மதிப்பில்லையாய்யா?" என்று கேட்டார்கள். அவர் அப்போதும் செருப்பு வாரை விடவில்லை. லோடு ஏற்ற வந்த ஆட்களெல்லாம் பார்க்க, மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு கூடையைத் தானே தலையில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். நான் மற்ற கூடைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகப் பார்த்தேன். "தொடாதட்டி" என்றார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் நம் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. உங்கப்பா மாதம் தவறாமல் தேவதானம் போவார், அக்கா கையால் சாப்பிட்டு வருவார். "தம்பி தங்கம், வந்தவதான் வாய்க்கல" என்று அங்கே பேச்சு என்பது எனக்கு யார் யார் மூலமாகவோ வந்து சேரும். ஒரு தடவை அவர்களுக்குக் காய்ச்சல் என்று கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு போனேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். பஸ்ஸில் வரும்போது அழுதேன், ராசா. தூக்குச்சட்டியைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதேன். பழத்தை ஏற்றாததற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை, இன்றைக்கும் அதே மாம்பழக் கூடை வந்தால் அதே பதில்தான். ஆனால் வாக்குக் கொடுத்தது ஒருத்தர், அதை மீறின பாவம் இன்னொருத்தருக்கு. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டேன், "அக்காகிட்ட, நான்தான் தப்பா சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று. "போகட்டும்ட்டி, காலப்போக்கில சரியாயிரும்" என்றார். நல்ல மனுஷன்தான். என்னைக் கை நீட்டி அடித்ததில்லை, ஒரு சாப்பாட்டைக் குறை சொன்னதில்லை. உங்கப்பாவைப் போல ஒருத்தர் கிடையாது என்று ஊரே சொல்கிறது, நானும் சொல்வேன். ஆனால் அவருடைய நல்ல பேரில் பாதி என் கெட்ட பேரில் விளைந்தது.

உன் நிச்சயதார்த்தத்துக்கு மதினி வந்தார்கள். உனக்காக வந்தார்கள், அதற்கு நான் அவர்களைக் கும்பிடுகிறேன். மண்டபத்தில் எல்லாப் பெண்களுக்கும் நான் குங்குமச் சிமிழை நீட்டிக்கொண்டு வந்தேன். மதினி முன்னால் நீட்டியபோது கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் கோமதி நின்றாள். உன் கோமதிதான். அந்தப் பிள்ளைக்கு என்ன தோன்றியதோ, சிமிழை என் கையிலிருந்து வாங்கி அவள் நீட்டினாள், மதினி எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் கை கழுவுகிற இடத்தில் வைத்துக் கோமதி என்னிடம் மெதுவாகக் கேட்டாள், "அத்தே, அவிய ஏன் உங்ககிட்டப் பேச மாட்டேங்காவ?" நான் ஒளிக்கவில்லை. "ஒண்ணுமில்லத்தா, லாரியில எடம் இல்லன்னு சொன்னேன்" என்றேன். கலகலவென்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டாள். "மாமா ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அதுவரைக்கும் என்னிடம் யாரும் கேட்டதில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் வெளியே வந்து உன் மாமனார் கேட்டதும், நீ 'அதுக்கென்ன மாமா' என்றதும்.

இப்போது புரிகிறதா எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்று? நாளைக்குத் துணியை அனுப்பும் பொறுப்பு உன் கைக்கு வரும். உன் மாமனார் மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில்தான் நம் பேலை வைப்பார், வேறு என்ன செய்ய முடியும் அவரால்? நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், நீயும் மனதுக்குள் ஒப்புக்கொள்ள மாட்டாய், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்க் காயத்தைக் கண்ணால் பார்க்கிறவன்தானே நீ. ஒரு நாள் இல்லை என்று சொல்லியே ஆக வேண்டி வரும். அன்றைக்கு நீ செருப்பு வாரைச் சரி பண்ணப் போனால் யார் சொல்வது? நான் இருக்கிற வரைக்கும் நான் சொல்வேன், சம்பந்தி வீட்டில் எனக்கு ராட்சசி என்று பேர் வரும், வந்தால் வரட்டும், பழகிப்போனதுதான். எனக்குப் பிறகு கோமதிதான் சொல்ல வேண்டும். அதுவும் யாரிடம்? பெற்ற அப்பாவிடம். பிறந்த வீட்டுக்கு அவள் போகும்போது அவள் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், அப்பா பேப்பரை விரித்துக்கொள்வார், நீ மட்டும் தங்க மாப்பிள்ளையாகப் பால்கோவா தின்றுகொண்டிருப்பாய்.

அதனால் நீ போய்ச் சொல். கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல். சுற்றி வளைக்காதே. அம்மா ஒப்பவில்லை என்று என் தலையில் போடாதே, கண்டிப்பாகப் போடாதே. "மாமா, அன்னைக்கு நான் யோசிக்காம வாக்குக் கொடுத்துட்டேன், தப்பு என் மேலதான். எங்க துணி தனி லாரியிலதான் போகணும்" என்று உன் வாயால் சொல். ஏன் என்று காரணத்தையும் சொல், மிளகாய்க் கதையைச் சொல், உங்கப்பா முற்றத்தில் ஆடின ஆட்டத்தைச் சொன்னால் அவரே சிரித்துவிடுவார். கொடுக்கக்கூடியதை மனதாரக் கொடு. கோயம்புத்தூரிலிருந்து வருகிற நூல் பெட்டி, நாம் விற்கிற கழிவுப் பஞ்சு, அட்டைப் பெட்டிகள் எல்லாம் இனி அவர் லாரியிலேயே போகட்டும், வரட்டும். அதற்கெல்லாம் முழு லாரி பிடிப்பது எனக்கே கிறுக்குத்தனம். அவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்ளட்டும். உன் மேல் வருத்தப்பட்டால் அது ஒரு வாரத்தில் தீரும், ஆம்பிளைகளுக்குள் ஒரு காப்பியில் போய்விடும். கோமதி மேல் வருத்தப்பட்டால் அது அவள் ஆயுசுக்கும் கூட வரும். நான் பார்த்தவள்.

உங்கப்பா இப்போதுதான் வந்து எட்டிப் பார்த்தார். "என்னட்டி, பக்கம் பக்கமா எழுதுத?" என்றார். "உங்க பிள்ளைக்குக் கல்யாணப் புத்தி" என்றேன். "எனக்கு யாரும் எழுதல" என்று சிரித்துவிட்டுப் போகிறார். எழுதியிருக்கலாம் யாராவது.

அடுத்த வியாழக்கிழமை அடுத்த லோடுக்கு லாரி வருகிறது. அதற்கு முன்னால் ஒரு நாள் லீவு போட்டு வா. பஸ்ஸில் தூங்கிப்போய் ராஜபாளையத்தில் வந்து இறங்காதே, ஸ்ரீவில்லிபுத்தூர்தான் முதலில் வரும், அங்கேயே இறங்கு. குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போ. ஆபீசில் வைத்துப் பேசாதே, வீட்டுக்குப் போய்ப் பேசு. பேசும்போது கோமதியும் அங்கே இருக்கட்டும், கல்யாணப் பெண் உள்ளே இருக்கட்டும் என்று அவர்கள் சொன்னாலும் நீ கூப்பிட்டு உட்காரவை. இந்த வீட்டில் இல்லை என்று சொல்ல வேண்டியதை இவன் சொல்வான் என்று அவள் காதால் கேட்கட்டும். எனக்கு அது வாய்க்கவில்லை.

உன் அம்மா